கணக்கேடும் மனச்சாட்சியும்: வில்லா பிளேயரின் கல்லூரிப் பணி



திருச்சபைகள் தொடங்கிய பள்ளிகளும் கல்லூரிகளும் பணமுடையில் தத்தளிக்கும்போது, அவற்றை நடத்துவோர் முன் கடினமான ஒரு கேள்வி எழுகிறது. முதலில் நிறுவனத்தைக் காப்பாற்றுவோம், அது ஏற்படுத்தப்பட்ட நோக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று சொல்லலாமா? அல்லது நோக்கத்தைக் காப்பதுதான் நிறுவனத்தைக் காப்பதற்குரிய வழியா? எந்த நிர்வாகக் குழுவில் அமர்ந்தவரும் இக்கேள்வியை ஒருமுறையேனும் சந்தித்திருப்பார்.

இவ்வாரம் நாம் தியானிக்க எடுத்துக்கொள்வது, அமெரிக்காவின் தென்பகுதியில் ஏழ்மையான ஒரு பெண்கள் கல்லூரிக்குப் பதினோர் ஆண்டுகள் தலைமை தாங்கிய வில்லா பியாட்ரிஸ் பிளேயர் அம்மையாரின் வரலாறு. அமெரிக்கக் கல்லூரிகளில் 'தலைவர்' என்னும் பதவி, நம் ஊரில் முதல்வரும் தாளாளரும் பகிர்ந்து சுமக்கும் பொறுப்புகளை ஒருவர் தோளிலேயே ஏற்றுவதாகும். பாடத்திட்டமும் அவருடையது, பற்றாக்குறையும் அவருடையது. இதை மனதில் கொண்டு மேலே வாசியுங்கள்.

ஆலயத்தின் அடித்தளத்தில் ஒரு பள்ளி

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்போரோ என்னும் நகரம் உள்ளது. 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குச் சொந்தமாக நிலம் இல்லை, கையில் பணம் இல்லை. அடிமைகள் எழுத்துக் கற்பதைத் தென்மாநிலங்கள் பலவற்றில் சட்டமே தடுத்திருந்தபடியால் படிப்பும் இல்லை. ஆயினும் முதலில் அவர்கள் தேடியவற்றுள் ஒன்று கல்வி. 1873-ஆம் ஆண்டு, அந்நகரத்து மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றின் பூச்சுப் பூசப்படாத அடித்தள அறையில், ஏறத்தாழ 70 இளைஞரும் இளம்பெண்களும் பாடம் கற்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மெதடிஸ்ட் திருச்சபையின் விடுதலை பெற்றோர் உதவிச் சங்கம் அப்பள்ளியைப் பொறுப்பேற்றுக்கொண்டது. நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த லைமன் பென்னட் என்பவர் நிலத்துக்கும் கட்டடத்துக்குமாக 10,000 டாலர் கொடுத்தார். அதற்குப்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. அவருடைய பெயர் பள்ளிக்குச் சூட்டப்பட்டது.

பென்னட் 1926-இல் பெண்களுக்கான கல்லூரியாக மாற்றப்பட்டது. மெதடிஸ்ட் திருச்சபைப் பெண்களின் உள்நாட்டு மிஷனெரிச் சங்கம் இதற்குக் கைகொடுத்தது. கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் பிறர் வீடுகளில் சமையலும் சலவையும் செய்து பிழைத்த காலம் அது. அவர்களுக்கென்று முழுமையான கலைக்கல்லூரி ஒன்று வேண்டும் என்று சொன்னதே பலர் காதுக்குப் புதிதாக ஒலித்தது. புதிய கல்லூரியின் தலைவராக டேவிட் டல்லாஸ் ஜோன்ஸ் நியமிக்கப்பட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவியரோடு அவர் பணியைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1929-இல், உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்து சேர்ந்தது.

மாணவியாகப் பட்ட அவமதிப்பு

வில்லா பிளேயர் 1909-இல் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பக்தியுள்ள மெதடிஸ்ட் விசுவாசிகள். தென்மாநிலங்களின் ஒடுக்குமுறையை விட்டு வடக்கே சென்ற ஆயிரமாயிரம் கறுப்பினக் குடும்பங்களைப்போல அவர்களும் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். வில்லா அங்கே ஆலயத்திலும் பள்ளியிலும் வளர்ந்தார்.

பின்னர் அவர் ஒகையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெயரிலேயே ஜான் வெஸ்லியைத் தாங்கிய திருச்சபை நிறுவனம் அது. ஆயினும் கறுப்பின மாணவியருக்கு அதன் விடுதியில் இடம் தரப்படவில்லை. வகுப்பறையில் உட்காரலாம், விடுதியில் உறங்கலாகாது. ஆலயத்துக்கு வரலாம், பந்தியில் அமரலாகாது என்று சொல்லும் மனப்பான்மையை நம் நாட்டிலும் கண்டிருக்கிற நமக்கு இது புரியாததன்று. வெளியே தங்கிப் படித்து 1929-இல் அவர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு ஓபர்லின் கல்லூரியில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

1930-இல், 21 வயதில், அவர் பென்னட் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இலத்தீனும் பிரெஞ்சும் கற்பிப்பது அவருடைய பணி. கறுப்பினப் பெண்களுக்கு இலத்தீன் எதற்கு என்று அக்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. தையலும் சமையலும் போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. பென்னட் அவ்விரண்டையும் தள்ளிவிடவில்லை. ஆனால் வெள்ளையர் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் எதுவும் தன் மாணவியருக்கு மறுக்கப்படலாகாது என்பதில் உறுதியாக நின்றது.

பிளேயர் 1930-களில் பிரான்சு நாட்டின் கிரெனோபில் பல்கலைக்கழகத்துக்குச் சென்று படித்தார். 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருளைக் கவனியுங்கள்: பென்னட் கல்லூரியில் பெண்களுக்கு அளிக்கப்படும் கல்வியை எவ்வாறு மேம்படுத்துவது என்பதே அது. கற்ற கல்வியை மூட்டைகட்டிக்கொண்டு வேறிடம் தேடாமல், அதைத் தாம் பணிசெய்த இடத்தின் தேவைக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

இருபத்தைந்து ஆண்டுப் பயிற்சி

தலைமைப் பதவிக்கு வருமுன் அவர் அக்கல்லூரியில் கால் நூற்றாண்டு உழைத்தார். ஆசிரியராக இருந்தார், மாணவியர் சேர்க்கையைக் கவனித்தார், பாடபோதனையை ஒருங்கிணைத்தார், 1950-களின் தொடக்கத்தில் துணைத்தலைவரானார். கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்த நேர்ந்த பிள்ளைகளின் முகங்களை மாணவியர் சேர்க்கைப் பணியில் இருந்தவர் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

அவருக்கு முன்மாதிரியாக விளங்கியவர் தலைவர் ஜோன்ஸ். பெருமந்தக் காலத்திலும் அவர் வடமாநிலங்களுக்குச் சென்று, திருச்சபைகளிடமும் செல்வந்தரிடமும் கல்லூரிக்காகக் கைநீட்டினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி, ஆனி பைஃபர் தம்பதியரின் கொடைகளால் கட்டடங்கள் எழுந்தன; ஆனி பைஃபர் பெயரைத் தாங்கிய சிற்றாலயமும் அவற்றுள் ஒன்று. அந்தச் சிற்றாலயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பினத் தனியார் கல்லூரிகள் தனித்தனியே கையேந்துவதைவிட ஒன்றாகச் சேர்ந்து நிதி திரட்டுவது நலம் என்று கண்டு, 1944-இல் ஒரு கூட்டு நிதியத்தை அமைத்தபோது, அதைத் தொடங்கிய கல்லூரிகளுள் பென்னட்டும் ஒன்றாக இருந்தது.

நிதி திரட்டுகிறவர் யாரையும் பகைத்துக்கொள்ளலாகாது என்பது உலக நியதி. ஆயினும் 1937-இல் நடந்ததைக் கேளுங்கள். கறுப்பினத்தவரை வெள்ளையருக்குச் சமமாகக் காட்டும் திரைப்படக் காட்சிகளைத் தென்பகுதித் திரையரங்கு உரிமையாளர்கள் தவிர்க்க முனைந்தார்கள். பென்னட் மாணவியர் கிரீன்ஸ்போரோவின் திரையரங்கைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் தலைவர் ஜோன்ஸின் சொந்த மகள் ஃபிரான்சிஸ். மாணவியருக்கு ஆலோசகராய் நின்றவர் இளம் ஆசிரியை வில்லா பிளேயர். மாணவியரை அடக்கிவைக்க ஜோன்ஸ் இணங்கவில்லை. பின்னாளில் பெரும் புயல்கள் வந்தபோது பிளேயர் நிலைகுலையாது நின்றதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அங்கீகாரம் என்னும் கடினமான படி

1955-இல் ஜோன்ஸ் நோயுற்றபோது, கல்லூரியின் தலைமைக்கு வில்லா பிளேயர் தெரிந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜோன்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே பிளேயரின் முறையான பதவியேற்பு விழா நடந்தது. முழு அங்கீகாரம் பெற்ற நான்காண்டுக் கலைக்கல்லூரி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

பெருமைக்குரிய அப்பதவியோடு கவலைகளும் வந்தன. கல்லூரிக்குப் பெரிய வைப்பு நிதி இல்லை. அரசு மானியம் இல்லை. மாணவியரில் பலருக்கு உதவித்தொகையும் பகுதிநேர வேலையும் இன்றிப் படிப்பு நடவாது. கட்டணத்தை உயர்த்தினால் ஏழைப் பிள்ளைகள் விலகுவார்கள். உயர்த்தாவிட்டால் ஆசிரியர்களுக்குத் தக்க ஊதியம் தர இயலாது. நம் பகுதிகளில் திருச்சபைப் பள்ளி நடத்துவோர் அறிந்த அதே இருபுறமும் கூரான வாள்.

இதற்கு மேல் அங்கீகாரச் சிக்கல் ஒன்றும் இருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கல்லூரிகளின் தரத்தை ஆய்ந்து அங்கீகரிப்பது தென்பகுதிக் கல்லூரிகள் பள்ளிகள் சங்கம். அச்சங்கம் கறுப்பினக் கல்லூரிகளைத் தன் உறுப்பினராகச் சேர்க்காமல், அவற்றைத் தனியே மதிப்பிட்டுத் தனிப் பட்டியலில் வைத்திருந்தது. ஒரே தேர்வு, ஆனால் வேறு வரிசை. அப்பட்டியலில் எவ்வளவு உயர்ந்த இடம் பெற்றாலும் அது முழு உறுப்புரிமை ஆகாது.

பிளேயர் இதைக் குறித்துக் கசப்போடு பேசிக்கொண்டிருப்பதோடு நிற்கவில்லை. நூலகத்தின் நிலை, ஆசிரியர்களின் தகுதி, ஆய்வகங்கள், கணக்குகள், நிதிநிலை எனக் கேட்கப்படும் ஒவ்வொன்றுக்கும் விடைசொல்லக் கல்லூரியை ஆயத்தப்படுத்தும் நெடும்பணி அது. 1957-இல் அச்சங்கம் கறுப்பினக் கல்லூரிகளுக்கு முதன்முறையாக முழு உறுப்புரிமையின் கதவைத் திறந்தது. அப்போது உள்ளே நுழைந்த முதல் 15 கல்லூரிகளுள் பென்னட்டும் ஒன்று. மாணவியர் கையில் பெற்றுச் செல்லும் பட்டம் இனி எந்த மேற்படிப்பு நிறுவனத்தின் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.

சிறியவற்றில் உண்மையாயிருப்பவன் பெரியவற்றிலும் உண்மையாயிருப்பான் என்னும் கருத்தை ஆண்டவர் போதித்ததை லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் நாம் அறிவோம். கணக்கேடுகளையும் அறிக்கைகளையும் உண்மையோடு எழுதிய அந்தக் கை, அடுத்த ஆண்டிலேயே பெரிய காரியத்துக்கு அழைக்கப்பட்டது.

ஒரு மாலைப்பொழுது திறந்த கதவு

1955 டிசம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்த மான்ட்கோமெரி பேருந்துப் புறக்கணிப்பின் மூலம் மார்ட்டின் லூதர் கிங் நாடறிந்தவரானார். 1958 பிப்ரவரியில் அவர் கிரீன்ஸ்போரோவுக்கு வந்து பேச ஏற்பாடு நடந்தது. ஆனால் பேசுவதற்கு இடம் கிடைக்கவில்லை. வெள்ளையர் மன்றங்கள் மறுத்ததில் வியப்பில்லை. கறுப்பின நிறுவனங்களும் தயங்கின. அரசுப் பணத்தில் இயங்கும் கல்லூரி அரசின் கோபத்துக்கு அஞ்சியது. மற்றவர்களுக்கு அவரவர் அச்சம்.

அத்தயக்கத்தை எளிதாகப் பழிக்க வேண்டாம். அழைத்தால் மானியம் போகலாம், கட்டடத்துக்கு ஊறு நேரலாம், பணியாளர் வேலையிழக்கலாம். அவ்வச்சங்கள் கற்பனையானவை அல்ல. கிங்கின் வீட்டின் மீதே 1956-இல் வெடிகுண்டு வீசப்பட்டிருந்தது.

பென்னட் கல்லூரியின் தலைவர், கிங் எங்கள் சிற்றாலயத்தில் பேசலாம் என்றார். சுதந்திரமான சிந்தனையை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கல்லூரி, சுதந்திரத்தைப் பற்றிப் பேச வருபவருக்குக் கதவடைக்க முடியாது என்பதே அவர் கூறியதன் சாரம். தலைவரான மூன்றாம் ஆண்டில், அங்கீகாரம் பெற்ற மறு ஆண்டில், நன்கொடையாளரை நம்பி வாழும் ஒரு கல்லூரியின் சார்பில் எடுத்த முடிவு அது. பிப்ரவரி 11-ஆம் நாள் பைஃபர் சிற்றாலயம் நிரம்பி வழிந்தது.

அக்கூட்டத்தில் கிங்கின் உரையைக் கேட்டவர்களுள் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் எசெல் பிளேர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1960 பிப்ரவரி 1-ஆம் நாள், கிரீன்ஸ்போரோவின் வுல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த உணவு மேசையில் நான்கு கல்லூரி மாணவர்கள் அமர்ந்து, தங்களுக்கும் பரிமாறும்படி கேட்டார்கள். நால்வருள் ஒருவர் அந்த எசெல் பிளேர். கிங்கின் அன்றைய உரை தம்மை ஆழமாக அசைத்ததாக அவர் பின்னாளில் கூறினார். அந்நால்வர் தொடங்கிய அமர்வுப் போராட்டம் சில வாரங்களில் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது. கதவைத் திறந்தவருக்கு உள்ளே யார் வந்து அமர்கிறார் என்று தெரியாது. விதை விதைப்பவனுக்கும் எந்த விதை எங்கே முளைக்கும் என்று தெரியாது.

கையுறை அணிந்த போராளிகள்

நால்வர் தொடங்கிய போராட்டத்தில் அடுத்தடுத்த நாள்களில் பென்னட் மாணவியர் பெருமளவில் சேர்ந்துகொண்டார்கள். இத்தகைய செயலைப் பற்றி 1959-லேயே தாங்கள் கல்லூரி வளாகத்தில் கலந்து பேசிவந்ததாக அவர்களில் சிலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்கள். கடைவீதிக்குச் செல்லும்போது தொப்பியும் கையுறையும் அணிவது பென்னட் மாணவியரின் ஒழுங்கு. அந்த ஒழுங்கோடு மேசையருகே அமர்ந்து, பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வசைமொழிகளை அமைதியோடு தாங்கினார்கள்.

நகரத்துப் பெரியவர்கள் கல்லூரித் தலைவர்களை அழைத்து, உங்கள் பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள் என்று வற்புறுத்தினார்கள். பிளேயர் இணங்கவில்லை. மாணவியர் தாங்கள் கற்ற கல்வியின்படியே நடந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. அவ்வாண்டு ஜூலை 25-ஆம் நாள் வுல்வொர்த் கடை தன் உணவு மேசையைக் கறுப்பின மக்களுக்கும் திறந்தது. மாணவியர் அத்தோடு நில்லாமல், வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைப் பதிவு செய்யும் பணியிலும் இறங்கினார்கள்.

சிறைக்குச் சென்ற பாடங்கள்

மிகக் கடுமையான சோதனை 1963-ஆம் ஆண்டின் இளவேனிலில் வந்தது. நகரத்தின் உணவகங்களும் திரையரங்குகளும் இன்னும் கறுப்பின மக்களுக்கு மூடியே இருந்தன. மாணவர்கள் அலை அலையாகச் சென்று கைதானார்கள். ஜாமீனில் வெளிவர அவர்கள் மறுத்தார்கள். சிறைகள் நிரம்பின. இடமின்மையால் பழைய போலியோ மருத்துவமனையிலும் மற்ற கட்டடங்களிலும் அவர்களை நெருக்கி அடைத்தார்கள். பென்னட் மாணவியரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அந்நாள்களில் சிறைப்பட்டார்கள்.

ஒரு கல்லூரித் தலைவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வகுப்புகள் பாதி காலி. பருவத் தேர்வு நெருங்குகிறது. தொலைபேசியில் பெற்றோரின் அழுகை. நன்கொடையாளரிடமிருந்து கேள்விகள். அதிகாரிகளோ, கைதான பிள்ளைகளைக் கல்லூரிகள் திரும்ப ஏற்றுக்கொண்டுவிட்டால் தங்கள் நெருக்கடி தீரும் என்று எண்ணினார்கள். அருகிலிருந்த அரசுக் கல்லூரி, தன்னை நடத்தும் மாநிலத்தின் வற்புறுத்தலுக்குப் பணிந்து மாணவரைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதன் தலைவரைக் குறைகூறுவதற்கில்லை. அவருடைய கல்லூரி மாநிலத்தின் பணத்தை நம்பி நின்றது.

பென்னட்டின் நிலை வேறு. அது ஏழைக் கல்லூரி. ஆனால் அதன் ஏழ்மையைத் தாங்கியவை திருச்சபைப் பெண்களின் காணிக்கைகளும், பழைய மாணவியரின் சிறுசேமிப்பும், தனியார் கொடைகளும். ஆளுநர் ஒருவர் தம் கையெழுத்தால் அதை மூடிவிட முடியாது. எது அக்கல்லூரியின் பலவீனமாகத் தோன்றியதோ, அதுவே அந்த நாளில் அதன் பலமாயிற்று. பிளேயர் மாணவியரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக வெளியே இழுத்து வரவில்லை. மாறாக, அவரே அவர்களிடம் சென்றார். அடைபட்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து நலம் விசாரித்தார். ஆசிரியர்கள் பாடங்களைக் கொண்டுசென்றார்கள். தேர்வுகளும் அங்கேயே எழுத வழிசெய்யப்பட்டது. மனச்சாட்சிக்காகச் சிறைசென்ற பிள்ளை அதனாலேயே ஓராண்டுப் படிப்பை இழக்கலாகாது என்பதில் அவர் கண்ணாயிருந்தார்.

சிறையிலிருப்போரைப் பார்க்கப் போவதை ஆண்டவர் தமக்கே செய்ததாக எண்ணுகிறார் என்று மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வசனங்களை நாம் பெரும்பாலும் தனிமனிதரின் இரக்கச் செயலாகவே எண்ணுகிறோம். ஒரு நிறுவனமும் அதற்குக் கீழ்ப்படியலாம் என்பதைப் பென்னட் நமக்குக் காட்டுகிறது. ஒரு கல்லூரி தன் அட்டவணையோடும் ஆசிரியரோடும் வினாத்தாளோடும் எழுந்து சிறைவாசலுக்குச் சென்றது.

வெற்றிக்குப் பின் வந்த சோதனை

பிளேயர் 1966-இல் பென்னட்டை விட்டு அமெரிக்க அரசின் கல்வி அலுவலகத்துக்குச் சென்றார். 1965-இல் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டத்தின் மூன்றாம் பகுதி, போதிய வளமின்றித் தடுமாறும் கல்லூரிகளை வலுப்படுத்த நிதி ஒதுக்கியது. அந்த உதவியை நிர்வகிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு ஏழைக் கல்லூரியின் கணக்கோடு மல்லாடியவர், இப்போது நாடெங்குமுள்ள ஏழைக் கல்லூரிகளுக்குத் துணைசெய்யும் இடத்தில் அமர்ந்தார். கிரீன்ஸ்போரோவிலேயே 2003-இல் அவர் காலமானார்.

கதை இங்கே இனிதாக முடிந்துவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பென்னட் மாணவியர் போராடித் திறந்த கதவுகள் வழியாகவே, அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பென்னட்டை விட்டு வேறு கல்லூரிகளுக்குச் சென்றார்கள். முன்பு வெள்ளையருக்கு மட்டும் உரியனவாயிருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் அவர்களையும் ஏற்றன. தன் நோக்கத்தில் வென்றதனாலேயே தன் மாணவியரை இழந்த கல்லூரி அது. இன்று அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கென்று நிலைத்திருக்கும் கல்லூரிகள் இரண்டே: அட்லாண்டாவின் ஸ்பெல்மன் ஒன்று, பென்னட் மற்றொன்று.

1957-இல் பிளேயரின் காலத்தில் கிடைத்த அதே சங்கத்தின் அங்கீகாரம், நிதிநிலை போதாமையைக் காரணமாகக் காட்டி 2018 டிசம்பரில் நீக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்காக 50 இலட்சம் டாலர் திரட்டக் கல்லூரி வேண்டுகோள் விடுத்தது. இரண்டு மாதத்துக்குள் 80 இலட்சம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. பழைய மாணவியர் கொடுத்தார்கள், திருச்சபைகள் கொடுத்தன, முன்பின் அறியாதவர்களும் கொடுத்தார்கள். ஆயினும் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. கல்லூரி வழக்குத் தொடுத்து, பின்னர் கிறிஸ்தவக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் மற்றோர் அமைப்பை நாடி, அதன் அங்கீகாரத்தைப் பெற்று, இன்றும் மாணவியரைக் கற்பித்து வருகிறது. அதன் போராட்டம் முடியவில்லை.

நமக்குரிய சிந்தனை

பிரியமானவர்களே, இவ்வரலாற்றிலிருந்து மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, துணிவும் கணக்கும் பகையானவை அல்ல. துணிவுள்ளவர்கள் கணக்குப் பார்க்கமாட்டார்கள் என்றும், கணக்குப் பார்க்கிறவர்கள் துணியமாட்டார்கள் என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். பிளேயர் முதலில் அங்கீகாரத்துக்கான அறிக்கையை ஒழுங்காக எழுதினார். பிறகு கிங்கை அழைத்தார். கணக்கில் குறையுள்ள நிறுவனம் மனச்சாட்சியின்படி பேச எழும்போது, எதிராளி அந்தக் குறையைக் கொண்டே அதன் வாயை அடைத்துவிடுவான். ஆகையால் நம் திருச்சபையின் வரவுசெலவை உண்மையோடு எழுதிவைக்கும் பொருளாளரும் சாட்சியின் ஊழியத்தில் பங்குள்ளவரே.

இரண்டாவது, சிறு காணிக்கை சுதந்திரத்தைத் தருகிறது. பெருங்கொடை ஒன்றையே நம்பி நிற்கும் ஸ்தாபனம், அக்கொடையாளரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசமுடியும். ஆயிரம் எளியவர்களின் காணிக்கையில் நிற்கும் ஸ்தாபனத்தை ஒரு தனி மனிதரால் விலைக்கு வாங்க இயலாது. உங்கள் கையிலிருந்து வரும் சிறு தொகை எதற்குப் போதும் என்று எண்ணாதீர்கள். ஊர்பேர் தெரியாத மெதடிஸ்ட் பெண்கள் சேர்த்துக் கொடுத்த காணிக்கைக்கும் 1963-இல் ஒரு கல்லூரி அதிகாரத்துக்குப் பணியாமல் நின்றதில் பங்குண்டு.

மூன்றாவது, தொடக்கத்தில் நான் வைத்த கேள்விக்கு வருகிறேன். நிறுவனத்தைக் காப்பதா, அதன் நோக்கத்தைக் காப்பதா? மௌனமாக இருந்திருந்தால் பென்னட் சில நன்கொடைகளைத் தக்கவைத்திருக்கலாம். ஆனால் 2019-இல் அக்கல்லூரி மூடப்படும் நிலைக்கு வந்தபோது, அதற்காகக் கொடுக்க அத்தனை பேர் ஏன் முன்வந்தார்கள்? வளாகத்தின் அழகுக்காகவோ கட்டடங்களின் எண்ணிக்கைக்காகவோ யாரும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கல்லூரி ஒருநாள் தன் பிள்ளைகளோடு நின்றது. ஆகையால் அறுபது ஆண்டுகள் கழித்து மக்கள் அதனோடு நின்றார்கள். கோதுமை மணியைக் குறித்து ஆண்டவர் சொன்னது ஸ்தாபனங்களுக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

நம் திருச்சபைகளின் பள்ளிகளையும் விடுதிகளையும் கல்லூரிகளையும் இவ்வாரம் ஜெபத்தில் நினைவுகூருங்கள். அவை மூடப்படாதபடிக்கு மட்டும் ஜெபிக்க வேண்டாம். அவை எந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டனவோ அந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் அவற்றின் கதவு திறந்திருக்கும்படி ஜெபியுங்கள். நிர்வாகக் குழுக்களில் இருப்போர், அடுத்த கூட்டத்தில் வரவுசெலவு அறிக்கை வாசிக்கப்பட்டு முடிந்தபின், இவ்வாண்டு பணமின்றித் திரும்பிச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். அந்த எண்ணையும் அறிக்கையில் எழுதிவையுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.